பக்கத்துக்கு முப்பது ரூபாய்

கோத்தகிரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்மாடி.
ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து
தாளை நமுத்துப்போக வைக்கும்.
அதனால் திறப்பதில்லை.
பதினான்கு வருடமாக இங்கே பத்திரம் தட்டச்சு.
பக்கத்துக்கு முப்பது.
படித்துச் சொல்ல யாரும் காசு தருவதில்லை.

நஞ்சா போஜன் வந்தது ஐப்பசி மூன்றாம் வாரம்.
முட்டிவரை செம்மண்.
வீட்டுக்குப் பின்னால் மேடு சரிந்து
சமையலறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறதாம்,
"கடன்காரன் மாதிரி" என்று அவரே சிரித்தார்.
தடுப்புச்சுவர் கட்ட நாலு லட்சம்.
பச்சைத்தேயிலை கிலோ பதினாலுக்கு இறங்கிய மாதம்.

கூட வந்தவர் மேட்டுப்பாளையம் பைனான்ஸ்.
நல்ல மனிதர் போலத்தான் இருந்தார்.
எல்லோருக்கும் வர்க்கி வாங்கி வந்திருந்தார், சூடாக.
"பேங்குல ஆறு மாசம் அலைவீங்க.
நான் நாளைக்கு மத்தியானம் கையில தர்றேன்.
இது சும்மா, ஒரு செக்யூரிட்டிக்கு."

அந்தச் சும்மாவை எனக்குத் தெரியும்.
பதினொரு முறை அடித்திருக்கிறேன்.
முதலில் பக்கம் பக்கமாக எல்லைகள்:
வடக்கே ஓடை, கிழக்கே ஹாலன் வகையறா தேயிலை,
தெற்கே ஊர்ப்பாதை, மேற்கே புறம்போக்கு.
ஒன்பதாம் பக்கத்தில்
ஒரு நீண்ட வாக்கியத்தின் வயிற்றுக்குள்
அடமானம் என்று இருக்கவேண்டிய இடத்தில்
கிரயம் என்று இருக்கும்.
ஐந்தெழுத்துக்குப் பதில் நான்கெழுத்து.
அவ்வளவுதான்.

பதினொன்றில் ஒரு வீடு கட்டபெட்டில்.
நீலக் கதவுக்கு இப்போது வேறு நிறம்,
ஹோம்ஸ்டே என்று பலகை.
அவர்கள் வைத்த பேரி மரத்தடியில்
யார் யாரோ நின்று படம் எடுக்கிறார்கள்.
அவர்கள் திருப்பூரில்.
அந்த வளைவு வரும் என்பதற்காகவே
பேருந்தில் நான் இடப்பக்கம் உட்காருவேன்.

பன்னிரண்டாவதை அச்செடுத்தேன்.
கையெழுத்துக்கு நகர்த்தவேண்டும்.
"ஒரு தடவை வாசிச்சிடறேன்" என்றேன்.
தொண்டையில் வர்க்கித் தூள்.
பத்திர எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
ஓடை வாசித்தேன். ஊர்ப்பாதை வாசித்தேன்.
பிறகு, ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவதுபோல,
உரக்க, அந்தச் சொல்லை.
"அப்படின்னா?"
"வீட்டை இன்னிக்கே வித்தாச்சுண்ணா.
நாலு லட்சம் கடன் இல்லை. விலை."

அவர் பேனாவை மூடினார்.
பைனான்ஸ்காரர் மிச்ச வர்க்கியைப் பொட்டலம் மடித்து
எடுத்துக்கொண்டு போனார்.

இதை வெற்றி என்று எழுத ஆசைதான்.
கூட்டுறவுச் சங்கத்தில் அவர் மனு
மூன்றாவது மேசைவரை நகர்ந்திருக்கிறது.
கார்த்திகை மழை மேசைக்கெல்லாம் காத்திருக்காது.
மேட்டின்மேல் தார்ப்பாய், தார்ப்பாயின்மேல் மணல்மூட்டை,
அடுப்பு முன்னறைக்கு வந்துவிட்டது.
வீடு அவர் பெயரில்
ஈரமாக இருக்கிறது.

எனக்கு வேலை போகவில்லை.
எழுத்தர் பேசுவதுதான் நின்றுபோனது;
தாளை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.
சோற்று நேரத்தில் படிக்கட்டில் ஆட்கள்,
மஞ்சப்பையில் பிரிக்காத உறைகள்.
எத்தனை வெத்துத்தாளில் கையெழுத்து?
வட்டி மாசத்துக்கா, நாளுக்கா?
கொடுத்த காசுக்கு ரசீது உண்டா?
ஒருவர், அறுபது நாள் கெடு வைத்த வங்கி நோட்டீசை
சாமி படத்துக்குப் பின்னால்
ஐம்பத்திரண்டு நாள் ஒளித்து வைத்திருந்தார்.
சாமியும் படிக்கவில்லை.
திட்ட வாய் வந்தது. அடக்கிக்கொண்டு
"எட்டு நாள் இருக்கு" என்றேன்.
கோர்ட்டு வளாகத்து இலவச சட்ட உதவிக்கு
வழி வரைந்து கொடுத்தேன், நோட்டீஸ் உறையின் முதுகிலேயே,
அதையும் தொலைக்காதீர்கள் என்று.

நேற்று பேருந்தில் வலப்பக்கம் இடம் பிடித்தேன்.
பேரி மரம் இலையில்லாமல் நின்றது.

இன்று எழுத்தர் சாப்பிடப் போனதும்
பழைய கோப்புகளைத் திறந்தேன்.
எல்லாம் இருந்தன.
ஒவ்வொன்றிலும் ஒன்பதாம் பக்கம் மட்டும் அச்செடுத்தேன்,
செவ்வாய்க்கிழமை வக்கீலம்மாவிடம் கொடுக்க.
பதினொரு தாள்.
முந்நூற்று முப்பது ரூபாய்.
கல்லாவில் நானே போட்டேன்.